க்ளட்ச் சாரின் தொண்டைக்கு ஓய்வு

தொண்டை டாக்டர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான். "பாடுறதுக்கு முன்னாடி குரலுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்க." வேறு யாராக இருந்தாலும் வெந்நீர் குடித்துவிட்டு, அடித்தொண்டையில் கத்தாமல் இருந்திருப்பார்கள். க்ளட்ச் சார் மூன்று நாள் வாயையே திறக்கவில்லை.

அவர் பேசாமல் இருக்கும் செய்தி அந்த அடுக்குமாடிக் கட்டடம் முழுக்கப் பரவியது. மேல்மாடிக்காரர் ஏதோ துக்கம் நடந்துவிட்டது என்று நினைத்து விசாரிக்கவே வந்துவிட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. க்ளட்ச் சார் முப்பத்தோரு வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "க்ளட்ச்! க்ளட்ச்சை மிதிங்கிறேன்ல!" என்று கத்தியே ஊரில் பாதிப் பேரைச் சாலைக்கு அனுப்பியவர். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும், கடைத்தெருவில் அவரைக் கண்டால் நரைத்த தலைக்காரர்களுக்குக்கூட இடது கால் தானாக ஒரு தடவை அழுந்தும். சொந்தப் பேரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிடுவதில்லை. ரேஷன் அட்டையில் மட்டும்தான் அது பத்திரமாக இருந்தது.

அவருடைய மனைவிக்குக் காது ஆஸ்பத்திரியில் வேலை. ஆளைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, "சத்தம் கேட்டதும் கையைத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டு, எவ்வளவு மெல்லிய சத்தம் வரை கை எழும்புகிறது என்று குறித்துக்கொள்வாள். இருபத்தெட்டு வருஷம் அதையே செய்தவளுக்குக் கட்டடத்தில் காதம்மா என்று பேர். பாட்டில் ஒரு சுரம் நூலளவு விலகினாலும் அவளுக்குக் காதுக்குள் முள் ஏறும். இப்படிப்பட்ட காதுக்கு அப்படிப்பட்ட குரலையா கட்டிவைக்க வேண்டும் என்று அவள் யாரையும் கேட்டதில்லை. கேட்க இடைவெளி கிடைக்கவில்லை. அவர் பாடிக்கொண்டே இருந்தார்.

அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான பாட்டுப் போட்டி, இலையுதிர் காலத்தின் நடுவில், ஐந்து மணி நேரம் கார் ஓட்டினால் போய்ச் சேரும் ஓர் ஊரில் நடக்கப் போகிறது என்று செய்தித்தாளில் வந்தது. அன்றே க்ளட்ச் சார் பதிந்துகொண்டார். நிலாவைப் பற்றிய ஒரு பழைய பாட்டைப் பொறுக்கியெடுத்து, இரண்டு மாதம் குளியலறையில் பாடாய்ப் படுத்தினார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது வலது கண்ணில் புரை முற்றி, அறுவை செய்ய வேண்டியதாயிற்று. ஒரு மாதம் வண்டி ஓட்டக் கூடாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். பஸ்ஸில் போனால் குளிர்காற்று தொண்டையைக் கெடுத்துவிடும். மிச்சமிருந்த வழி ஒன்றுதான். அந்த வழிக்குக் கையில் லைசென்ஸ் இருந்தது, பத்தொன்பது வருஷமாக.

ஆக, மனைவி ஓட்ட, கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்தில் உட்கார வேண்டும், வாயைத் திறக்கவும் கூடாது. கடவுள் தனக்கென்று யோசித்துச் செய்த ஒரே காரியம் இதுதான் என்று காதம்மாவுக்குத் தோன்றியது.

காலை ஆறரைக்குக் கிளம்பினார்கள். க்ளட்ச் சார் கழுத்தில் இரண்டு சுற்றுச் சால்வை, மடியில் வெந்நீர் பிளாஸ்க், கையில் ஒரு நோட்டுப் புத்தகம், நான்கு அட்டைகள். அட்டைகளில் கொட்டை எழுத்தில் 'வேகம்', 'இடைவெளி', 'கண்ணாடி பார்', 'ப்ரேக்' என்று எழுதி வைத்திருந்தார். ஐந்தாவதாக 'சபாஷ்' என்று ஒன்று எழுத அவருக்குத் தோன்றவில்லை.

தெருமுனை வருவதற்குள் 'கண்ணாடி பார்' இரண்டு தடவை வந்துவிட்டது. பெரிய சாலையில் ஏறும்போது 'வேகம்'. அது வேகம் அதிகம் என்பதா, போதாது என்பதா என்று தெரியவில்லை. கேட்டாலும் பதில் வரப்போவதில்லை. அவருடைய வலது கால் தரைவிரிப்பை விடாமல் மிதித்துக்கொண்டிருந்தது. பயிற்சிக் காரில் அவர் பக்கத்திலும் ஒரு ப்ரேக் இருக்கும். இந்தக் காரில் இல்லை என்பது காலுக்கு இன்னும் தெரிவிக்கப்படவில்லை.

"விரிப்பு கிழிஞ்சுடப் போகுது" என்றாள் காதம்மா.

அவர் 'இடைவெளி' அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

ஊரைத் தாண்டியதும் சாலையின் இரு பக்கமும் மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக நின்றன. காற்றடித்தால் இலைகள் கும்பலாகக் கண்ணாடியில் வந்து ஒட்டும். வைப்பர் வழித்துத் தள்ளும். முதல் அரைமணி நேரம் காதம்மாவும் பேசவில்லை. பிறகு மெதுவாக அவளுக்கு உறைத்தது. முப்பத்தைந்து வருஷக் கல்யாண வாழ்க்கையில், தான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் தானே முடிக்கக்கூடிய நாள் இதுதான். பாதியில் வாங்கி முடித்துக்கொடுக்க ஆள் இல்லை.

"அந்த ஹால் சோபா இருக்கே" என்று சும்மா ஆரம்பித்துப் பார்த்தாள். "எனக்கு அது பிடிக்கவே இல்லை. வாங்கின அன்னிக்கே பிடிக்கலை."

க்ளட்ச் சார் திரும்பிப் பார்த்தார். சோபாவுக்கு அட்டை இல்லை.

அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. சோபாவிலிருந்து திரைச்சீலைக்குப் போனாள். திரைச்சீலையிலிருந்து நாத்தனாருக்கு. "உங்க அக்கா வரும்போதெல்லாம் பிரிட்ஜைத் திறந்து பார்க்கிறாங்களே, அது எதுக்குன்னு நான் ஒரு நாளாவது கேட்டிருக்கேனா?" என்று தொடங்கி இருபது கிலோமீட்டர் தூரம் நாத்தனாரிடமே இருந்தாள். க்ளட்ச் சார் நோட்டைத் திறந்து எதையோ எழுதி நீட்டினார்.

"வண்டி ஓட்டும்போது எதையும் படிக்கக் கூடாது. நீங்கதானே எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தீங்க?"

அவர் நோட்டைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டார். சட்டம் அவருடையது. மீற முடியாது.

இரண்டாவது மணி நேரத்தில் அவள் அந்த விஷயத்துக்கு வந்தாள். வர வேண்டும் என்று நினைத்து வரவில்லை. முன்னால் போன பயிற்சிக் கார் ஒன்று சாலை நடுவில் நின்றுவிட, உள்ளே ஒரு பெண் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி விறைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் வாய் தானாகப் பேசிவிட்டது.

"கல்யாணமான புதுசுல எனக்கு ஓட்டக் கத்துக்கொடுத்தீங்க, ஞாபகம் இருக்கா? பதினோரு நாள். பன்னிரண்டாவது நாள் நாற்சந்தி நடுவுல வண்டியை நிறுத்திட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தே போயிட்டேன். நீங்க அதை எல்லார்கிட்டயும் ஜோக்கா சொல்வீங்க. எத்தனை விருந்துல சொல்லியிருப்பீங்க! நானும் சிரிச்சிருக்கேன். அன்னிக்கு வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டு ஒரு மணி நேரம் கை நடுங்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அது ஜோக்குல வராது."

தரையை மிதிக்கிற கால்கூட நின்றுவிட்டது.

"அப்புறம் பதினாறு வருஷம் கழிச்சு, உங்களுக்குச் சொல்லாம அடுத்த தெருப் பயிற்சிப் பள்ளியில சேர்ந்தேன். அங்க சொல்லிக்கொடுத்த அம்மா முதல் நாளே என்ன சொன்னாங்க தெரியுமா? 'உங்களுக்கு யாரோ ஏற்கெனவே நல்லாச் சொல்லிக்கொடுத்திருக்காங்க. ஆனா பயப்படத்தான் சொல்லிக்கொடுத்திருக்காங்க'ன்னாங்க. யாருன்னு கேட்டாங்க. ஞாபகம் இல்லைன்னுட்டேன்."

அவர் நோட்டைத் திறந்தார். எழுத ஆரம்பித்தார். ஒரு பக்கம் முடிந்து திருப்பினார். பேனா தாளைக் கிழித்துவிடும் போல ஓடியது. அவள் வாயை மூடியிருக்கலாம். ஆனால் ருசி கண்டுவிட்ட வாய்.

"இதையும் சொல்லிடறேன். உங்க நிலாப் பாட்டு. ரெண்டாவது சரணத்துல மேல ஏறுற இடம் இருக்கு பாருங்க, அங்க நீங்க ஏறுறதே இல்லை. படிக்கட்டு பாதியில நின்னுக்கிட்டு, மாடிக்கு வந்துட்டேன்னு கையாட்டுறீங்க. இந்தப் பாட்டு மட்டும் இல்லை, எந்தப் பாட்டுலயும் இப்படித்தான். முப்பத்தஞ்சு வருஷமா."

பேனா நின்றது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாலையோர டீக்கடையில் நிறுத்தினார்கள். அவள் அவருக்குக் கண் மருந்து போட்டுவிட்டாள். "என்ன எழுதினீங்க, காட்டுங்க" என்று கை நீட்டினாள். அவர் மூன்று தாள்களைச் சரக்கென்று கிழித்து, நான்காக மடித்து, கோட்டின் உள்பைக்குள் வைத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டார். டீயைத் தொடவில்லை. டீ தொண்டைக்கு ஆகாது என்பதாலா, வேறு எதனாலோ, அவள் கேட்கவில்லை.

அதன் பிறகு அட்டைகள் எழும்பவில்லை. மரம் விழுந்து சாலை மறிக்கப்பட்டிருந்த இடத்தில் மாற்றுப்பாதைப் பலகை இருந்தது. அவள் அதைக் கவனிக்காமல் வேறு பக்கம் திரும்பி முப்பது கிலோமீட்டர் போய், ஒரு செங்கல் சூளை வாசலில் சாலை முடிந்துபோன பிறகுதான் திரும்பி வந்தாள். வழி தவறியது முதல் திருப்பத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. இப்போது அவளுக்குத்தான் சகிக்கவில்லை. அந்த 'ப்ரேக்' அட்டையையாவது காட்டித் தொலைக்கக் கூடாதா மனிதர்?

போட்டி நடந்த மண்டபத்தை அடைந்தபோது அவர் முறைக்கு இன்னும் மூன்று பேர் பாக்கி. நூறு மடக்கு நாற்காலி. அறுபது பேர். மேடையில் கீபோர்டு வாசிப்பவர், காலையிலிருந்து முப்பது பேருக்கு வாசித்து, இனி எந்தச் சுருதியில் யார் பாடினாலும் சம்மதம் என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தார். நடுவர்கள் மூன்று பேர். அதில் தலைமை நடுவர் கழுத்தில் நீளமான ஊதா மப்ளர். ஒவ்வொரு பாட்டுக்குப் பிறகும் மைக்கைப் பிடித்துப் பாட்டைவிட நீளமாகப் பேசினார். அவர் பேசும்போதுதான் எல்லாரும் கழிவறைக்குப் போய் வந்தார்கள்.

க்ளட்ச் சாருக்கு முன்னால் பாடியவர் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெண்மணி. ஆள் வாட்டசாட்டம். ஸ்வெட்டரில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது. மைக்கிலிருந்து இரண்டடி தள்ளி நின்று, இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு பாடினார். காதம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இருபத்தெட்டு வருஷத்தில் அவள் காது இப்படி ஓய்வாக இருந்ததே இல்லை. ஒரு சுரம், ஒரே ஒரு சுரம்கூட இடம் மாறி உட்காரவில்லை. பாடி முடித்ததும் மப்ளர், "இன்னும் கொஞ்சம் முகபாவம் இருந்திருக்கலாம்" என்றார்.

அடுத்தது க்ளட்ச் சார். சால்வையை மனைவியிடம் கொடுத்துவிட்டு மேடை ஏறினார். பல்லவி பரவாயில்லை. மூன்று நாள் அடைத்து வைத்த குரல், திறந்ததும் நாற்காலிகள் அதிரும்படி வந்தது. முதல் சரணமும் தேறியது. இரண்டாவது சரணம். மேலே ஏறுகிற இடத்துக்கு முந்தின வார்த்தை வரைக்கும் வந்தார். வாயைத் திறந்தார்.

சத்தம் வரவில்லை.

கீபோர்டுக்காரர் அந்த இடத்தை இன்னொரு தடவை வாசித்தார். பிறகு மறுபடி ஒரு தடவை. க்ளட்ச் சார் கண்ணை மூடியபடி அப்படியே நின்றார். மேடை விளக்கின் வெளிச்சம் தாங்காமல், அறுவை செய்த வலது கண்ணிலிருந்து நீர் பெருகி, கன்னத்தில் கோடாக இறங்கியது. மண்டபத்தில் இருமல்கூட அடங்கிவிட்டது. முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அவர் கண்ணைத் திறந்து, தலையைக் குனிந்துவிட்டு, மேடையை விட்டு இறங்கி நேராக வெளியே போய்விட்டார்.

எழுந்த கைதட்டல் அவர் போன பிறகும் நிற்கவில்லை.

காதம்மா அவரை மண்டபத்துக்குப் பின்னால், அடுக்கி வைத்த உடைந்த நாற்காலிகளுக்குப் பக்கத்தில் கண்டுபிடித்தாள்.

"மறந்துபோச்சா?"

"இல்லை." மூன்று நாளில் அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை. கரகரவென்று வந்தது. "வார்த்தை ஞாபகம் இருந்துச்சு. அந்தப் படிக்கட்டுதான். முதல் சரணத்துலயே என் காதுக்கு என் குரல் கேட்டுச்சு. இதுவரைக்கும் நான் கேட்டதே இல்லை போல. ரெண்டாவதுல எங்க போய் நிக்கப் போறேன்னு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. வாயைத் திறந்தா எல்லாருக்கும் தெரிஞ்சுடும்."

காலையிலிருந்து ஜெயித்துக்கொண்டே வந்தாள். ஜெயித்தது இதற்கா?

"ஏன் இத்தனை வருஷம் சொல்லலை?" என்றார்.

"சொல்ற மாதிரி நீங்க எப்ப வாயை மூடினீங்க?"

அவர் கோட்டுப் பொத்தானைக் கழற்றி, மடித்த தாள்களை எடுத்தார். "நீ சொன்னதெல்லாம் தப்புன்னு மூணு பக்கம் எழுதினேன். எழுதிட்டுப் படிச்சுப் பார்த்தேன். கத்துற மாதிரியே இருந்துச்சு. பேசாமலே கத்தியிருக்கேன் பாரு." தாள்களை அங்கிருந்த குப்பைத் தொட்டியில் போட்டார். "ஒரு மணி நேரம் கை நடுங்குச்சா உனக்கு?"

"ஆமா."

"எனக்கு இன்னும் நிக்கலை" என்று கையை நீட்டிக் காட்டினார். அவள் சால்வையை எடுத்து அவர் கழுத்தில் சுற்றிவிட்டாள். மன்னிப்பெல்லாம் கேட்டுக்கொள்ளவில்லை. அதற்கு அவர்களிடம் பழக்கமும் இல்லை. உள்ளே மைக்கில் அவர் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

மூன்றாம் பரிசு.

மப்ளர் குரல் தழுதழுக்க விளக்கினார். "எல்லாரும் பாடினாங்க. இவர் ஒருத்தர்தான் பாடாம இருந்தார். அந்த மௌனம்! அந்த ஒற்றைக் கண்ணீர்! மேல் சுரத்தைப் பாடியிருந்தா அது வெறும் சுரம். பாடாம விட்டதால அது நம்ம எல்லாருடைய சுரமாயிடுச்சு." கைதட்டல் இடியாக விழுந்தது. பரிசு ஒரு மின்சாரக் கெட்டில், சிவப்பு நாடா கட்டி.

க்ளட்ச் சார் கெட்டிலோடு நடுவரிடம் போனார். "சார், நான் வேணும்னு நிறுத்தலை. பயந்துட்டேன். கண்ணுல தண்ணி வந்தது ஆபரேஷனால. இதைத் திருப்பி வாங்கிக்குங்க."

மப்ளர் அவர் தோளைப் பிடித்து மைக் பக்கம் திருப்பினார். "கேட்டீங்களா? இந்த அடக்கம்! கலைஞனுக்கு இதுதான் அழகு!" இன்னும் பத்து நிமிஷம் பேசினார். பாதிப் பேர் கழிவறைக்குப் போனார்கள். உண்மையைச் சொல்லிப் பரிசைத் திருப்பிக் கொடுப்பது அந்த மண்டபத்தில் நடக்காது என்று தெரிந்தது. இன்னொரு தடவை முயன்றால் இரண்டாம் பரிசாக உயர்த்திவிடும் அபாயம் இருந்தது.

வெளியே வந்து விசாரித்தார்கள். நான்காவதாக வந்தவர் அந்தச் சமையற்கார அம்மாள். அவர் வாசல்படியில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். க்ளட்ச் சார் கெட்டிலை நீட்டினார். "இது உங்களுக்கு வர வேண்டியது."

"எனக்கு எதுக்கு? வீட்டுல ரெண்டு இருக்கு" என்றார் அந்த அம்மாள், நிமிராமலே. பிறகு நிமிர்ந்து, "நீங்கதானே பாதியில நின்னீங்க? நல்ல காரியம் பண்ணீங்க. பாடியிருந்தா சுரம் கீழ விழுந்திருக்கும்" என்றார்.

காதம்மாவுக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துப்போயிற்று.

அந்த அம்மாள் பிடிக்க வேண்டிய நான்கரை மணி பஸ், பரிசளிப்பு உரை நடந்தபோதே போய்விட்டிருந்தது. அந்த அம்மாளின் ஊர், இவர்கள் திரும்பும் வழியில் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருந்தது. ஏற்றிக்கொண்டார்கள். முழங்கால் வலி என்று அவர் முன்னால் உட்கார, க்ளட்ச் சார் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பின் இருக்கைக்குப் போனார். அங்கிருந்து ஸ்பீடோமீட்டர் சரியாகத் தெரியவில்லை. இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

பிறகு இரண்டு இருக்கைக்கும் நடுவில் தலையை நீட்டினார். "அம்மா, ஒண்ணு கேக்கலாமா? அந்த மேல் சுரத்துக்கு எப்படி ஏறுறீங்க?"

"பாடுங்க, பார்ப்போம்."

"இங்கயா?"

"பின்ன? மேடை போட்டுத் தரணுமா?"

அவர் பாடினார். அந்த இடத்துக்கு முன்னால் மறுபடி நின்றார். அம்மாள் திரும்பிப் பார்த்து, "கழுத்தை ஏன் அப்படி நீட்டுறீங்க? சுரம் என்ன அலமாரி மேலயா இருக்கு, எட்டி எடுக்க? தாடையை இறக்குங்க. கனமான பாத்திரத்தைத் தூக்குற மாதிரி வயித்துல பிடிங்க. ம், இப்ப" என்றார்.

கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. காதம்மாவின் கை ஸ்டீயரிங்கில் இறுகியது.

"பரவாயில்லை. மறுபடி."

எத்தனை மறுபடி என்று காதம்மா எண்ணவில்லை. வெளிச்சம் மங்கி, எதிரே வந்த வண்டிகள் விளக்குப் போட்டுக்கொண்டு வந்தன. அந்த அம்மாள் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. கத்தாமல் ஓர் ஆளுக்கு எதையாவது கற்றுக்கொடுக்க முடியும் என்பதை, முப்பத்தோரு வருஷம் கற்றுக்கொடுத்த மனிதர் பின் இருக்கையில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டு வந்தார். ஒரு கட்டத்தில் நோட்டைத் திறந்து எதையோ குறித்தும் கொண்டார்.

தன் தெருமுனையில் அந்த அம்மாள் இறங்கினார். "ஞாயித்துக்கிழமை போன் பண்ணுங்க. குரல் இருக்கு, கழுத்துதான் பிரச்சினை" என்று சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி மெதுவாக நடந்து போனார். க்ளட்ச் சார் முன் இருக்கைக்கு வந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

"இன்னொரு தடவை பார்க்கட்டுமா?" என்று கேட்டார். பாடுவதற்கு முன் அவர் அவளிடம் அனுமதி கேட்டது இதுவரை நடந்ததில்லை.

"பாருங்க" என்றாள் காதம்மா. தெருவில் அப்போதுதான் மனிதர்கள் வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவள் காரின் நான்கு ஜன்னல் கண்ணாடிகளையும் ஏற்றினாள். அந்த ஊர்க்காரர்கள் அவளுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை.